சிஞ்ஞோராவின் நாடகத்தில் நான் சொன்ன ஒரு வசனம்

பழி வாங்கவேண்டும் என்று என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் திட்டம் போட்டிருக்கிறேன். அதற்காக ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், காத்திருந்தேன்.

இத்தாலியில், பலெர்மோவில் நான் ஒன்பது வருடம் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, அதாவது எசமானியம்மா, ஒரு வக்கீலின் விதவை. இங்கே அவளை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் கொடுத்த மரியாதை போதும். அவள் என்னை 'நீ' என்பாள், நான் அவளை 'நீங்கள்' என்பேன். இத்தாலிய மொழியிலும் அவை வேறு வேறுதான்.

அந்த வருடம் அவளும் சிநேகிதிகள் நாலு பேரும் ஒரு நாடகம் போட முடிவெடுத்தார்கள். நடக்கமுடியாத பிள்ளைகளைச் சிகிச்சைக்கு ஏற்றிப்போகப் பங்குக் கோயிலுக்கு ஒரு வான் வாங்கவேண்டும், அதற்கான தர்ம நாடகம். சிநேகிதிகளில் ஒருத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவள்தான் எழுதினாள். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ஒரு பணக்கார வீடு. வீட்டுக்காரி ஒரு கடிதத்தைத் தொலைத்துவிட்டு வீட்டில் எல்லாரையும் படாதபாடு படுத்துகிறாள். வீட்டுக்காரியாக என் சிஞ்ஞோரா, வேலைக்காரியாக நான்.

"உனக்கு நடிக்கவே தேவையில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்," என்றாள் சிஞ்ஞோரா.

பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் அரசனாக நடித்தவள் நான். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஓட்டமெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. பங்குத்தந்தையிடம் மண்டபக் கதவின் திறப்பை வாங்கினேன். கபோ சந்தையில் கடை கடையாகக் கேட்டு போஸ்டர் ஒட்டினேன். என் மனுசன் வுச்சீரியாச் சந்தையில் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையிலிருந்து கதிரைகளை இரவல் எடுத்தேன். ஐந்து பேருக்குமான நீளப் பாவாடைகளைப் பழைய வெல்வெட் திரைச்சீலைகளில் தைத்தேன். அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பின்பக்கம் புடைத்து நிற்கவேண்டுமாம். தலையணைப் பஞ்சைப் பிரித்து உள்ளே அடைத்தேன்.

சிஞ்ஞோராவுக்கு வசனம் மனதில் நிற்காது. நான் உடுப்பு மினுக்கும்போது இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் பிரதியை விரித்து வைத்து மற்றவர்களின் பகுதியை வாசிப்பேன், அவள் தன்னுடையதைச் சொல்லுவாள். இரண்டு கிழமையில் முழு நாடகமும் எனக்குப் பாடம். அவளுக்கு இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். மேடையில் அவள் தடுமாறினால் நான் தேநீர் ஊற்றுவதுபோலக் குனிந்து, அடுத்த வசனத்தின் முதல் சொல்லை அவள் காதில் சொல்லவேண்டும்.

பிறகு ஒருநாள் ஒத்திகைக்கு ஐந்து பேரும் வரவேற்பறையில் கூடியிருந்தபோது, சிப்பியில் பெண்முகம் செதுக்கிய, சட்டையில் குத்தும் தன் புரூச்சைக் காணவில்லை என்றாள் சிஞ்ஞோரா. சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன் பையைக் கொண்டுவா."

கொண்டுவந்தேன். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பாண் சுற்றிய கடதாசி, பிரஷர் குளிசை, சின்னப் பிள்ளையார் படம், என் மாதவிலக்குக்கான பாட். சிநேகிதிகள் நாலு பேரும் தங்கள் கோப்பிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையில் ஒன்றும் இல்லை. ஒத்திகையைத் தொடங்குவோம் என்று அவள் தன் மூக்குக்கண்ணாடிக்கூட்டைத் திறந்தாள். புரூச் அதற்குள் கிடந்தது.

"அட, இங்கேயா இருக்கிறது," என்று சிரித்தாள். "சரி, முதலாம் காட்சி."

அவ்வளவுதான். அந்தப் பாட், பிள்ளையார் எல்லாவற்றையும் நான் பொறுக்கிப் பைக்குள் வைத்தேன். ஆசிரியை பிரதியில் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

வீட்டில் மனுசனுக்குச் சொன்னேன்.

"விடும்," என்றார். "இங்கை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. அவவின்ரை வேலைக் கடிதம் இல்லாட்டி குவெஸ்தூராப் பொலிசுக்கு என்னத்தைக் காட்டுவீர்?"

"ஓம், தெரியும். பெர்மெஸ்ஸோ கார்ட் கைக்கு வரட்டும்."

"வந்தாப்பிறகு?"

"பிறகு பாப்பம்."

அந்த ஏழு கிழமையும் நான் வழக்கத்தைவிட நல்ல வேலைக்காரியாக இருந்தேன். அவளுடைய பாவாடையை இரண்டுமுறை பிரித்துத் தைத்தேன். வசனங்களை இன்னும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். தடுமாறும் இடங்களில் என்னை நம்பி நிற்க அவள் நன்றாகப் பழகிவிட்டாள். நான் விரும்பியதும் அதைத்தான். நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பெர்மெஸ்ஸோ வந்தது. குவெஸ்தூரா வாசலில் நின்று கார்டிலிருந்த என் படத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பங்குத்தந்தை, அவளுடைய மகனும் மருமகளும், இறந்த கணவனோடு வேலை செய்த வக்கீல்மார். கடைசி வரிசையில் என் மனுசன்.

முதற்பாதியில் மூன்று இடங்களில் தடுமாறினாள். மூன்று இடத்திலும் சொல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பாதியில், மற்ற நாலு பேரும் மேடையில் இருக்கும்போது, நீளமான வசனம் ஒன்றின் நடுவில் நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். நான் குனிந்து தேநீர் ஊற்றினேன். வாய் திறக்கவில்லை.

"கடிதம்..." என்றாள். விசிறியை விரித்து மூடினாள். "என் கடிதம்..."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அவள் கண்ணில் பயம் வந்தது. அதை நான் ஆற அமரப் பார்த்தேன். தேநீர்க் கேத்திலை வைத்துவிட்டு மேடையின் முன்பக்கம் நடந்துவந்து, அரசனாக நின்று பேசிய அதே குரலில், ஒன்பது வருடத்தில் முதல்தடவையாக 'நீ' போட்டுச் சொன்னேன்.

"நீ தொலைக்கிற சாமான் எல்லாம் உன் கண்ணாடிக்கூட்டுக்குள்தான் இருக்கும், சிஞ்ஞோரா. முதலில் அதைத் திறந்து பார். பிறகு என் பையைத் திற."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டினார்கள். மேடையில் நின்ற நாலு சிநேகிதிகள் மட்டும் சிரிக்கவில்லை. பவுடரையும் மீறி அவளுடைய முகம் கழுத்துவரை சிவந்துபோனது. சிரிப்பு முழுக்க அடங்கும்வரை நான் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவளருகே திரும்பிப்போய்க் குனிந்து முதல் சொல்லைக் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைபோல அதைப் பிடித்துக்கொண்டு முடித்தாள். நாடகத்தைக் குழப்ப நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே.

உடுப்பு மாற்றும் அறையில் என்னை மறித்தாள்.

"என்னை அவமானப்படுத்திவிட்டாய்."

"எல்லாரும் சிரித்தார்கள். நாடகம் நன்றாகப் போனது."

"நாளைக்கு வரவேண்டாம்."

வீட்டுத் திறப்பை நான் காலையிலேயே வளையத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்துத் தேநீர்த் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

பஸ்ஸில் மனுசன் கேட்டார்: "இதுக்காகத்தானா இவ்வளவு நாளும் பொறுத்திருந்தனீர்?"

"ஓம்."

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் அறை துப்புரவாக்க ஆள் தேடுகிறார்கள் என்று அவரே வந்து சொன்னார். அங்கேதான் இப்போதும் வேலை செய்கிறேன். அந்த வீட்டைவிட மாடிப்படிகள் கூட, கால் வலியும் கூட. ஆனாலும் அந்தச் சிவந்த கழுத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசம்தான்.

கோயிலுக்கு வான் வந்து சேர்ந்த கிழமை, நாடகம் எழுதிய ஆசிரியை எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்றைக்கு நான் வாய் திறந்திருக்கவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றாள்.

"எனக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கு முன்னால் சொல்லுங்கள்."

சொல்லுகிறேன் என்றாள். சொன்னாளா என்று நான் விசாரிக்கவில்லை. ஆசிரியையை மன்னிக்கவும் இல்லை.