கிள்ளான் பூக்கடையில் ஒரு போர்நிறுத்தம்

மலேசியப் பயணத்தில், கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. பூக்கடையோரம் ஒதுங்குகிறேன். கடை டிவியில், யாருடைய போரையோ நிறுத்தப் போன வெளிநாட்டு அமைச்சர் ஒருவர் இரு தரப்பின் கைகளையும் சேர்த்துப் பிடித்தபடி படத்துக்கு நிற்கிறார்.

வாசலில் பூக்கார அக்காவும் பக்கத்து வடைக் கடைக்காரரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெய் தெறித்து மல்லிகை கருகுகிறதாம். பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் கொதிக்கும் சட்டியில் விழுகிறதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பூ வாளிய கொஞ்சம் தள்ளி வச்சா போதுமேக்கா" என்கிறேன். இருவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். வாளி நகர்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வடைக்காரர் உள்ளே போனதும் அக்கா வாளியைப் பழைய இடத்துக்கே இழுக்கிறார்.

"என்னக்கா, இப்பதானே ஒத்துக்கிட்டீங்க?"

"வெளியூருலேர்ந்து வந்த ஆளு சொல்றீங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி பேச முடியுமா? நீங்க இப்ப கோமுட்டர் ரயில் ஏறிப் போயிருவீங்க லா அண்ணே. நாளைக்கும் அவரு இங்கதான், நானும் இங்கதான்."

டிவியில் அமைச்சர் விமானப் படியேறிக் கையசைக்கிறார். வடைக்காரர் கரண்டியோடு வெளியே வருகிறார்.

கொட்டும் மழையில் ரயிலுக்கு ஓடுகிறேன்.