இலை போட்ட வீடு

எங்கள் தாத்தா காலம்வரை வீட்டில் கன்னடம்தான். என் காலத்தில் அது தமிழாகிவிட்டது. அறுபதுகளின் கடைசியில் ஓசூர் பக்கம் வேலையில் இருந்தபோது, கன்னடத்தைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டேன். படிப்பேன், எழுதுவேன், பேசினால் ஒரு சொல் விடாமல் புரியும். அதனால், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் கன்னடமே பேசும் சொந்தத்தில் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது, பேசும் பொறுப்பு எனக்கு வந்தது.

அம்மாவும் தம்பியும் நானும் கிளம்பினோம். பஸ்ஸிலேயே தம்பி சொல்லிவிட்டான். "நான் பொண்ணப் பாக்கறதுக்கு முந்தி யாரும் வாக்குக் குடுத்துறாதீங்கண்ணா."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர், மோரோடு சரி. சாப்பிட்டுவிட்டால் சம்மதித்ததாகப் பொருள்.

பெண்ணின் தகப்பனார் வாசலில் கும்பிட்டு, "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார். தமிழில் கேட்டிருந்தால், பட்டினியாக இருந்தாலும், யோசிக்காமல் "ஆச்சுங்க" என்றிருப்பேன். கன்னடத்தில் என் கவனமெல்லாம் வாக்கியத்தைப் பிழையில்லாமல் அமைப்பதில் இருந்தது. "இல்லா, இன்னூ ஆகில்லா," என்றேன். இன்னும் ஆகவில்லை. உச்சரிப்பு சரியாக வந்ததில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தபடி செய்தி சொல்ல ஓடினார்கள். கூடத்தில் இலை போட்டுவிட்டார்கள்.

"என்னடா சொன்ன?" என்று அம்மா காதோரம் கேட்டாள். சொன்னேன்.

"அட கூறு கெட்டவனே! பொண்ணு பாக்க வந்த வூட்ல பசிக்குதுன்னா சொல்லுவாங்க? பெரிசாப் படிச்சியே!"

"வேணாம்னு சொல்லிடறேன் ஆத்தா."

"இலையப் போட்டப்புறமா? எந்திரிச்சுப் போனா ஊரு அந்தப் பொண்ணத்தான் பேசும்."

அவர் மனம் நோகாமல் மறுக்க எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தான். "உக்காருங்கண்ணா, களி ஆறுது," என்றான்.

உட்கார்ந்தேன். அவரைக்காய்க் குழம்பைப் பெண்ணின் தகப்பனாரே மேலும் மேலும் ஊற்றினார்.

கை கழுவிய பிறகுதான் பெண்ணை அழைத்து வந்தார்கள். தம்பி நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். பிடித்திருந்ததா என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாயெழவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.