பரவால்லயே அக்கா

காலர் முனையைக் கட்டைவிரலால் நெம்பி வெளியே எடுக்கிறாள். குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். தையலில் குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். நன்றாக இருந்தால், தைத்தவள் எத்தனை வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் காதில் விழும்படி ஒரே ஒரு சொல்: "பரவால்லயே."

அந்தத் தையல் ஆலையில் அவள் செக்கர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் 'பரவால்லயே அக்கா'.

"அந்த 'ஏ'வ முழுங்கிடாதீங்கடி" என்பாள். "பரவால்லன்னா ஆறுதல். பரவால்லயேன்னா மெடல்."

மெடலைச் சும்மா தூக்கிக் கொடுக்கவும் மாட்டாள். கோணல் தையலைப் புகழ்வது இரக்கம் அல்ல, ஏமாற்று என்பது அவள் கட்சி.

அவளுக்கு அந்த மெடல் கிடைத்தது பதினெட்டு வயதில். 'இவளுக்கு ஊசியில நூல் கோக்கவே ஒரு வாரம் ஆகும்' என்று வீட்டில் அண்ணன் சொல்லிச் சொல்லி, அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். முதல் வேலையில், யாரிடமும் வாய் திறக்காத கட்டிங் மாஸ்டர் அவள் தைத்த கைப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பரவால்லயே" என்றார்; போய்விட்டார். அண்ணன் பல வருடம் ஓதியதெல்லாம் அன்றோடு சரி. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. மாஸ்டர் இழுத்த நீளத்துக்கே இன்றும் அந்த ஏகாரத்தை இழுக்கிறாள்.

போன வாரம் புதிதாக ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். ஐம்பது தாண்டியவர், அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்தவர். இந்த வேலையை விட்டால் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். ஐந்து நாளும் அவர் தைத்த காலர்கள் சுருக்கம் விழுந்தே வந்தன. ஆறாம் நாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். 'தகுதியில்லை' என்று அச்சடித்திருந்தது.

"ஒரு கையெழுத்து போடும்மா. அந்தம்மாவுக்குக் கைராசி இல்ல."

பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டாள். ஒரு மனுஷியின் பிழைப்பைப் பறிக்க ராசி ஒரு காரணமா? நேரே போய் அந்தப் பெண்மணியின் மெஷினில் தானே உட்கார்ந்து ஒரு காலர் தைத்தாள். விளக்குக்கு நேரே தூக்கினாள். அதே சுருக்கம். தன் காலரில் தானே சிவப்பு அம்பை ஒட்டிச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் ராசி போயிடுச்சு சார். என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

இரண்டு வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஊசியைக் கழற்றி, அதன் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் இழுத்தாள். வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

"முனை பிசிறடிச்சிருக்கு. அஞ்சு நாளா இதோட மல்லுக்கட்டியிருக்காங்க. நானும் அம்பு ஒட்டினேனே தவிர, எழுந்து வந்து பாக்கல. அது என் தப்பு."

புது ஊசி மாட்டினார்கள். அந்தப் பெண்மணி ஒரு காலர் தைத்துத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். செக்கர் ஒரு முனையைப் பார்த்தாள், மறுமுனையைப் பார்த்தாள், திரும்பவும் முதல் முனை. பிறகு அதில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள்.

அவர் முகம் செத்துவிட்டது. "மறுபடியுமாம்மா? தப்பு எங்க?"

"தேடுங்கக்கா."

அவர் திருப்பினார்; இழுத்தார்; கண்ணருகே கொண்டுபோனார். "இல்லயே..."

"அதத்தான் காட்டினேன். பரவால்லயே."

அறுபது மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே அது கடைசி வரிசைவரை போனது. பிறகு அவள் சூப்பர்வைசரின் தாளை எடுத்தாள். 'தகுதியில்லை' என்று இருந்த இடத்தில் அந்தப் பழைய ஊசியைக் குத்திச் செருகி, அவரிடமே நீட்டினாள்.