இடது கைக் கேப்டன்

இடப்பக்கம் வெட்டி முடித்ததும் கத்தரி நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தவர் மருந்துக்கடை ஊழியர். பாதித் தலை சீராகவும் மீதி புதராகவும் இருக்க, கண்ணாடி வழியே கெஞ்சலாகப் பார்த்தார்.

"அண்ணே, கடைக்குத் திரும்பணும்."

"இருங்க தம்பி, கப்பல் எறங்கிட்டிருக்கு. இந்த நேரத்துல முடியைப் பத்திப் பேசுறீங்களே."

சலூன்காரருக்குத் தெரு வைத்த பெயர் கேப்டன். மாலையில் டிவியில் 'தூரத்துக் கிரகம்' தொடர் தொடங்கிவிட்டால் அவருடைய கத்தரி விளம்பர இடைவேளையில்தான் அசையும். பாதித் தலையோடு யாரும் தெருவில் இறங்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அநியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட மனம் வராது.

டிவி இருப்பது பின்சுவரில். அவரும் வாடிக்கையாளரும் பார்ப்பது எதிரே உள்ள கண்ணாடியில். பல வருடங்களாக இப்படியே பார்த்து, கதையில் வரும் விண்கலத் தலைவன் இடது கைக்காரன் என்பது அந்தச் சலூனின் வேதவாக்காகிவிட்டது. பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது கேப்டன் மனைவியின் அண்ணன், ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எங்க வீட்டு டிவியில வலது கையாலதான சுடுறான்?"

"உங்க டிவியைக் கொண்டுபோய் ரிப்பேர் பாருங்க மச்சான்."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கோபித்துக்கொண்டு போன மச்சான் அதன்பிறகு சலூன் படி ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. அவர் தலையில் மிச்சமிருப்பது காதோரம் நாலு முடி.

முடி வெட்ட வேண்டாதவர்கள்கூட இடம் பிடித்து உட்கார்ந்த காலம் அது. பிறகு தொடர் தேய ஆரம்பித்தது. தலைவனாக நடித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். செத்த வில்லன் சலிக்காமல் உயிர்த்து வந்தான். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே கல்குவாரி.

"நேத்து அந்தக் கிரகத்துல லாரி ஒண்ணு போச்சுண்ணே," என்றார் மருந்துக்கடை ஊழியர்.

"ஏன், அங்க மட்டும் சாமான் ஏத்த வேண்டாமா?" கேப்டன் அசரவில்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் செல்போனுக்குள் புகுந்தார்கள். அப்புறம் பெஞ்சையே காலி செய்தார்கள். பாதித் தலைக்குப் பயந்து மற்றவர்களும் காலையிலேயே வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். பார்க்க ஆளில்லை, தொடரை முடிக்கிறோம் என்று டிவியில் அறிவித்த அன்று கேப்டனுக்குச் சோறு இறங்கவில்லை.

"முடிச்சா முடிக்கட்டும், விடுங்க," என்றாள் மனைவி.

"முடிக்கட்டும். கடைசி நாளும் ஒத்தை ஆளா நின்னு பாக்கணுமே, அதான் பொறுக்கல."

"நான் வேணா வந்து உக்காரவா?"

"நீ கப்பலைப் பாத்துக் கொட்டாவி விடுவ."

கடைசிப் பகுதி அன்று சலூனில் ஈ காக்கை இல்லை. காலி நாற்காலிக்குப் பின்னால் கத்தரியும் சீப்புமாகக் கேப்டன் நின்றிருந்தார். தொடரின் பாட்டு ஆரம்பித்த நேரத்தில் மச்சான் உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டணும் மாப்பிள்ளை."

கேப்டன் அந்தத் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். "எதை?"

"இருக்கிறதை. அவசரமில்ல, மெதுவாவே வெட்டுங்க. வீட்ல தனியா உக்காந்து பாக்க முடியல."

கேப்டன் துணியை உதறி மச்சானின் கழுத்தில் கட்டினார். வழுக்கையில் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தார். கத்தரி பெரும்பாலும் காற்றைத்தான் வெட்டியது.

முடிவில் விண்கலத் தலைவன் கையை உயர்த்தி எல்லோரிடமும் விடைபெற்றான். மச்சானும் துணிக்குள்ளிருந்து வலது கையைத் தூக்கினார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேப்டன் அந்தக் கையைக் கீழே அமுக்கிவிட்டு, அவருடைய இடது கையைத் தூக்கிப் பிடித்தார்.