அண்ணன் குரலில் ஒரு பாடம்

மகள் அறைக்குள் ஆங்கிலம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "வாக், வாக்டு, வில் வாக்." அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பர்மாவில், இன்சீன் ஊரில் நாங்கள் இருந்த வீட்டில் அண்ணனும் இதைத்தான் கத்திக் கத்திப் படிப்பான். அங்கே பள்ளிக்கூடங்களில் பாடம் என்றாலே கத்தல்தான். ரயில்வே பட்டறையிலிருந்து வந்த அப்பா, சுருட்டுப் புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சத்தம் குறைந்தால் தப்பு என்று வைத்துக்கொள்வார். "சோறு திங்கலையாடா? சத்தமாச் சொல்லு!"

பிறகு அண்ணன் போட்டாதாங் துறைமுகத்தில் கப்பலேறிப் போனான். ஒரு தகவலும் இல்லை.

ஒரு சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்லு" என்றார். நான் நாலாவதோடு பள்ளியை விட்டவள். கேட்டுக் கேட்டுப் பதிந்ததை அண்ணனைப் போலவே கத்தினேன். அப்பா கண்ணைத் திறக்காமல், "உங்கண்ணன் இன்னைக்கு நல்லாச் சொல்றான்" என்றார். அதன்பின் தினமும் சொல்லவைத்தார். சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். பயத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

"சத்தம் தொந்தரவா இருக்காம்மா? கதவைச் சாத்திக்கட்டுமா?" என்றாள் மகள்.

"வேணாம்மா. நீ போற வரைக்கும் தொறந்தே கெடக்கட்டும்."