படம் வந்தது, சத்தம் வரவில்லை

இப்போதும் யாராவது கடைக்கு வந்து, "பாய், வீடியோ இறக்குற எக்ஸ்டென்ஷன்ல எதுனா இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்டவர் மேல் இல்லை. ஒரு காலத்தில் அது எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்ற நினைப்பு வந்து தொலைக்கும். அதன் மேல்தான் கோபம்.

வாணியம்பாடியில் எங்கள் குடும்பமே தோல் வியாபாரம். நான் மட்டும் ஜமுனாமரத்தூர் வந்து செல்போன் கடை போட்டேன். "மலை மேல யாருடா வந்து உன்கிட்ட போன் வாங்கப் போறாங்க?" என்று அம்மா கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். வந்தவர்களில் ஃபோன் வாங்கியவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் எல்லாம் பாட்டு ஏற்ற வந்தார்கள்.

மலையில் உள்ளே போகப் போக டவர் எடுக்காது. கையில் ஃபோன் இருக்கும், அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் சந்தை நாளில் சாமையும் புளியும் கொண்டு வருகிறவர்கள் மெமரி கார்டையும் கொண்டு வருவார்கள். நகத்தளவு பொருள், எங்கே விழுந்தது என்று தேட முடியாது என்பதால் தீப்பெட்டிக்குள் போட்டு முந்தானையில் முடிந்து வருவார்கள். தீப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு சந்தைக்குள் போய்விடுவார்கள். உப்பு, மிளகாய், கருவாடு வாங்கித் திரும்புவதற்குள் நான் ஏற்றி வைத்திருக்க வேண்டும். என் மேஜை பார்ப்பதற்குத் தீப்பெட்டிக் கடை மாதிரியே இருக்கும்.

யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "போன வாரம் பாதியில நின்னுச்சே கூத்து, அதுக்கு மீதி" என்பார்கள். "மாடு சினை நிக்கலைன்னா இன்னா பண்றதுன்னு ஒருத்தர் பேசுறாராமே, அவரைப் போட்டு வைய்யி பாய்" என்பார்கள். நானும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடிப்பதில்தான் வேலை. இறக்குவது ஒரு வேலையே இல்லை. பிரௌசரில் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு குட்டி மென்பொருளை ஒட்டவைத்தால், மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி வந்து நிற்கும். வீடியோ ஓட ஆரம்பித்ததும் அது பச்சையாகும். அமுக்கினால் வந்து விழும். எனக்கு அந்தப் பச்சை அம்பின் மேல் ஒரு பிரியமே இருந்தது. அடுத்தவன் எடுத்த படத்தைக் கேட்காமல் எடுக்கிறோமே என்ற உறுத்தல் இருந்ததா என்றால், அன்றைக்கு இல்லை. சந்தைக் கூட்டத்தில் அதெல்லாம் எங்கே நினைக்க!

பிறகு அம்பு படுத்தத் தொடங்கியது. முதலில் எல்லாரும் பார்க்கிற அந்தப் பெரிய தளத்தில் மட்டும் பச்சையாக மாற மறுத்தது. 'இந்தத் தளத்திலிருந்து இறக்க அனுமதி இல்லை' என்று மரியாதையாகச் சொன்னது. சரி என்று வேறொன்றைப் போட்டேன். அது தன்னோடு இன்னொரு மென்பொருளையும் போட்டால்தான் வேலை செய்வேன் என்றது. அதையும் போட்டேன். மூன்றாவதாகப் போட்டது கொஞ்ச நாள் ஒழுங்காக உழைத்தது. அப்புறம் அது யார் கைக்கு மாறியதோ, எதைத் தொட்டாலும் சீட்டாட்ட விளம்பரத்தைத் திறந்துவிட்டது. கோயிலுக்குப் போட பக்திப் பாட்டு கேட்டு வந்த பெரியவர் முன்னால் அது ராணிச் சீட்டைக் காட்டியபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நிதானமாக, "இது இன்னா சாமி?" என்று கேட்டார்.

இந்தச் சீரழிவுக்கு நடுவில்தான் அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள்.

கடையில் இருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், பிறகு நடந்து போக வேண்டிய ஊர் அவர்களுடையது. நாலு கண்டம் நிலத்தில் சாமை போடுகிறவர்கள். அவன்தான் பேசினான். அவள் கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. தொண்டையில் கட்டி வந்து வேலூரில் ஆபரேஷன் செய்தார்களாம். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அப்போது மகள் கைக்குழந்தை. இப்போது ஓடியாடிப் பேசுகிறாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"இவ பாடுனா ஊரே அறுப்பை நிறுத்திட்டு கேக்கும் பாய்" என்றான் அவன். அவள் வெட்கப்பட்டு அவன் தோளில் தட்டினாள்.

குழந்தை பிறப்பதற்கு முன்னால், கண்ணமங்கலம் பக்கமிருந்து மோட்டார் பைக்கில் மலை சுற்ற வந்த ஒரு இளைஞன், சாமை அறுப்பில் அவள் பாடியதைப் படம் எடுத்துத் தன் சேனலில் போட்டிருக்கிறான். அவள் குரல் உலகத்தில் இருப்பது அந்த ஒரு வீடியோவில்தான்.

அவர்கள் அதைச் சேமிக்காமல் விட்டுவிடவில்லை. ஆனால் அதில்தான் ஒரு தப்பு நடந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு அவன் கலசப்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, அங்கே டவர் நன்றாக இருந்ததால், வீடியோ பார்க்கிற ஆப்பிலேயே 'டவுன்லோட்' என்பதை அமுக்கியிருக்கிறான். அடியில் சரி என்ற குறி விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து இருவரும் ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு என்ன தெரியும், அதற்கு விவரம் வரட்டும், அப்போது போட்டுக் காட்டலாம். அதுவரை தொடக்கூடாது. அந்த ஃபோனை அணைத்து, துணியில் சுற்றி, விதைச் சாமை வைக்கிற இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.

விதையை யாரும் இடையில் எடுத்துச் சமைக்க மாட்டார்கள். எடுக்காமல் வைத்தால்தான் அது இருக்கும். அவர்களுக்குத் தெரிந்த சேமிப்பு அது. ஆப்பின் கணக்கு நேர் எதிர். அடிக்கடி நெட்டைத் தொட்டால்தான் வைத்திருக்கும், தொடாவிட்டால் பூட்டிக்கொள்ளும். டவரே இல்லாத ஊரில் இதை யார் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்?

"பாப்பாவுக்கு புதுப் பாவாடை போட்டு மடியில உக்கார வெச்சி, போனைத் தொறந்தோம் பாய்" என்றான். "நெட்டோட சேருங்கன்னு எழுதியிருக்குதுன்னு படிக்கத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. எங்கூர்ல எந்த நெட்டோட சேர்றது?"

அவள் என்னைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினாள். அந்த ஃபோனை இங்கே நெட்டில் சேர்த்தாலும், ஊருக்குப் போன பிறகு மறுபடி பூட்டிக்கொள்ளும். "மெமரி கார்டுல ஏத்திட்டா எங்கயும் போவாதுக்கா. இப்பவே இறக்கித் தர்றேன், உக்காருங்க" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். பச்சை அம்புக் காலத்து வாய்க்கொழுப்பு அது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நெட் முக்கி முனகி வந்தது. என்னிடம் இருந்த எக்ஸ்டென்ஷன்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று வீடியோ எதுவும் இல்லை என்று சாதித்தது. கண் முன்னால் இருக்கிறதே, குருடா என்று திட்டினேன். ஒன்று பாதியில் செத்தது. கடைசியில் ஒன்று முழுசாக இறக்கிக் கொடுத்தது. பெருமையோடு திரையை அவர்கள் பக்கம் திருப்பி ஓடவிட்டேன்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

அந்தத் தளம் படத்தைத் தனியாகவும் சத்தத்தைத் தனியாகவும் அனுப்புகிறது, இந்த எக்ஸ்டென்ஷன் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் திரையில் அவள் அரிவாளோடு நிமிர்ந்து, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து பாடுகிறாள், ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் திரையில் தெரிந்த தன் வாயை மறைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவசர அவசரமாக அதை மூடினேன்.

வேறு வழி இருந்தது. நேராக ஓடவிட்டு, ஓடுவதை அப்படியே பதிவு செய்யலாம். அதற்குக் கையை வைக்கும்போது கரண்ட் போனது. மழை பிடித்துக்கொண்டது. அவர்களுக்குக் கடைசி பஸ். "அடுத்த சந்தைக்கு பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்று அனுப்பினேன். அந்த மழையில் மலைப்பாதை நெடுக மரங்கள் சாய்ந்தன. கரண்டும் டவரும் நாள் கணக்கில் வரவில்லை. வந்த உடனே, டீ கூடக் குடிக்காமல், கம்ப்யூட்டரைப் போட்டு அந்த வீடியோவைத் திறந்தேன்.

'இது தனிப்பட்ட வீடியோ' என்று வந்தது. அந்த இளைஞனின் சேனலைத் திறந்தால் பழைய படங்கள் ஒன்றையும் காணோம், எல்லாவற்றையும் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டிருந்தான்.

எந்த எக்ஸ்டென்ஷனாலும் இனி ஒன்றும் ஆகாது. கடையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு அந்தச் சேனலின் பக்கத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதினேன். தழும்பு, குழந்தை, விதைச் சாமைக்குப் பக்கத்தில் வைத்த ஃபோன், எல்லாம்.

அடுத்த சந்தைக்கு அவர்கள் வந்தபோது அவனிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் இல்லை. இரண்டு முறையும் அவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. "மழைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றான் அவன். குழந்தை கடையில் இருந்த காலி ஃபோன் டப்பாக்களை அடுக்கி விளையாடியது.

பிறகு ஒரு நாள் பதில் வந்தது. அந்த இளைஞன் வேலைக்குப் போய்விட்டானாம். ஆரம்பத்தில் கத்துக்குட்டித்தனமாக எடுத்தவற்றைப் பார்க்கவே கூச்சமாக இருந்ததால் பூட்டி வைத்தானாம். கேமராவில் எடுத்த முழுப் படத்தையும் வெட்டாமல் அனுப்பியிருந்தான். நான் அம்பை அமுக்கி அமுக்கிப் பிடிக்கப் பார்த்ததை, கேட்டதும் கொடுத்தான். இவ்வளவு வருஷத்தில் ஒருவரிடமாவது நான் கேட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சந்தை அன்று அதை மெமரி கார்டில் ஏற்றி, அவர்கள் ஃபோனிலேயே போட்டு, நெட்டை அணைத்துக் காட்டினேன். "பாருங்க, டவர் இல்லை. அப்பவும் ஓடும்." பிறகு தள்ளி நின்றுகொண்டேன்.

குரல் வந்தது. நான் மெல்லிய குரலை எதிர்பார்த்திருந்தேன். இது கனத்த குரல், ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கேட்கும்படி பாடிப் பழகியது. பாட்டு முடிந்ததும், சேனலில் வெட்டப்பட்டிருந்த இடத்தில், படத்தில் அவள் சிரித்தபடி சொன்னாள்: "இன்னாத்துக்குப்பா இதையெல்லாம் எடுக்கிற? வெயில்ல நிக்காத, வந்து கூழு குடிச்சிட்டுப் போ." அவள் புருஷன் பாட்டு வரைக்கும் அழவில்லை. இதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் வெயிலில் கறுத்து நிற்கும் பெண்ணை அதற்கு அடையாளம் தெரியவில்லை. "யாருப்பா பாடுறது?" என்று கேட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

ஃபோனை வாங்கித் தன் கழுத்துக்குப் பக்கத்தில், திரை உள்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டாள். குழந்தையைத் தன் எதிரில் நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டு, பாட்டு தொடங்கியதும் தானும் வாயைத் திறந்தாள். எங்கே மூச்சு எடுப்பாள், எங்கே இழுப்பாள் என்று அவளுக்குத்தானே தெரியும். உதடு ஓரிடத்திலும் பிசகவில்லை. நரம்பு புடைத்துத் தழும்பு ஏறி இறங்கியது. குழந்தை அசையாமல் அந்த வாயையே பார்த்தது.

பாட்டு முடிந்தது. கூழ் குடிக்கக் கூப்பிட்டதற்கும் அவள் வாயசைத்தாள், அந்தச் சிரிப்புக்கும் சிரித்தாள். குழந்தை எட்டி அம்மாவின் உதட்டைத் தொட்டது.

"இன்னொரு தபா பாடும்மா" என்றது.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, பட்டனை அமுக்கச் சொல்லி அவனைப் பார்த்தாள்.