வாளித் தண்ணீரில் அமுக்கிய கை

2004-ஆம் வருஷம், சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. தீபாவளி சீசன் சூட்டில் வாரத்துக்கு ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்போம். அன்று காலையில் என் கணவர் உடைந்த ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆள் வைத்துச் செய்யலாம் என்று நான் சொன்னதைக் கேட்டால்தானே! கண்ணாடித் துண்டு வழுக்கி, அவர் இடது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது.

ரத்தம் வழியவில்லை, பீய்ச்சி அடித்தது. விட்டுவிட்டு, சுவர் வரைக்கும் தெறித்தது.

நான் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கும். எது நடந்தாலும் முதலில் தண்ணீர் என்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். வீட்டு வாசலிலும் ஒரு வாளி நிறைத்தே வைத்திருப்பேன். ஒருமுறை என் கையில் தீப்பட்டபோது தண்ணீர்தான் காப்பாற்றியது. அந்தத் தைரியத்தில் அவர் கையை இழுத்து வாளிக்குள் அமுக்கிவிட்டேன்.

எரிச்சல் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது அவருக்கு. நானும் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. அவர் உதடு வெளுத்தது. "கண்ணக் கட்டிக்கிட்டு வருது, புள்ள" என்றவர் அப்படியே என் தோளில் சாய்ந்தார். அப்போதும் கையை வெளியே எடுக்கத் தோன்றாமல், இன்னும் ஆழமாக அமுக்கினேன்.

நான் போட்ட கூச்சலில், எதிரே கறிக்கடை வைத்திருந்த பாய் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். வாளியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கைய வெளிய எடுங்க தங்கச்சி. தண்ணிக்குள்ள வச்சா ரத்தம் உறையாது. நெஞ்சு அடிக்க அடிக்க வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கும்."

தினமும் ஆடு அறுக்கிறவருக்கு அது தெரிந்திருந்தது. என் கணவரைத் தரையில் படுக்கவைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, கொடியில் கிடந்த துவைத்த துண்டை மடித்து வெட்டின் மேல் வைத்து அழுத்தினார். ஆட்டோவில் சிவகாசி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பிடியை அவர் விடவே இல்லை. என் கணவரின் வலது கையில் நாடி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வரும்படி என்னிடம் சொன்னார்.

விரலுக்கடியில் அது நூலாக, படபடவென்று ஓடியது. அடித்தால் ரத்தம் வெளியே போகுமே என்று பயம். அடிக்காவிட்டால் ஆளே போய்விடுவாரே என்று அதைவிடப் பயம். அப்படி ஒரு பயத்தை நான் கம்பெனியில் வெடி விபத்து நடந்த நேரத்தில்கூட அறிந்ததில்லை.

ரத்தக்குழாய் அறுந்திருந்தது. தைத்து முடித்த டாக்டர், இன்னும் சற்று நேரம் வாளியிலேயே இருந்திருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்றார். பக்கத்தில் பாய், மரத்துப்போன விரல்களை நீவிவிட்டபடி தலைகுனிந்து நின்றார்.

என் கணவருக்கு அந்த வாளி வரைக்கும்தான் ஞாபகம். தழும்பைப் பற்றி யார் கேட்டாலும், "எங்க வீட்டுக்காரி சட்டுனு தண்ணியில முக்கிட்டா, அதான் பொழச்சேன்" என்பார். பாய் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை. நானும் இதுவரை வாய் திறந்ததில்லை. அவர் அப்படிப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்த மணிக்கட்டைப் பிடித்து, என் கைகளையும் மீறி அவருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.